பழஞ்சித்திரங்களும் உடைத்துணைகளும்

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன் இலண்டன் மாநகரில் அச்சிடப்பெற்ற ஒரு படத்தை நம் மாணவர் ஒருவர் கையிற் கொடுத்து, "இதில் என்ன காண்கின்றீர்?" என்று வினவினால், அவர் பெரும்பாலும் "ஒரு சீமாட்டி நிற்கிறாள்" என விடையிறுத்துப் படத்தைத் திருப்பித் தந்துவிடுவார். அவர்மேற் குற்றமில்லை. அவ்வுடை நமக்குப் புதிது. ஆதலின் கண் அதனிடத்திலேயே தங்கிவிடுகின்றது. அச்சீமாட்டியின் மணிக்கட்டிலே தொங்கும் சிறு பை, தோளினின்று நழுவும் சால்வை, முழங்கை மட்டும் ஏறிய கையுறை, பாதி விரிந்த விசிறி, தொப்பியிற் செருகிய இறகு ஆகிய இவை கண்ணிற் படுவதில்லை. பட்டாலும், படம் எழுதினவன் வெற்றிடத்தை நிரப்பச் சேர்த்தவை போலும் என்று எண்ணிக் கடந்துவிடுகின்றோம். இச்சிறு பொருள்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இவை உடையல்ல; உடையோடு கூடிச் செல்வன. ஆதலின் இவற்றை 'உடைத்துணைகள்' என வழங்குவோம். இதனினும் நல்ல சொல் ஒன்று வாய்க்குமாயின் படிப்போர் அதனையே கொள்க.

பொருள்களே பொருட்காட்சிச் சாலைகளில் இருக்கும்போது படங்களை நாடுவானேன் எனச் சிலர் கேட்கலாம். கையுறை அணிய அணியக் கிழிந்து போகும். இறகைப் பூச்சி அரிக்கும். குடையின் பட்டு மடிப்புத்தோறும் வெடிக்கும். எஞ்சி நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் மிகுதியாக வழங்காத உயர்ந்த பொருள்களே. மேலும், பேழையில் மடித்து வைத்த சால்வை, அது தோளில் எவ்வாறு கிடந்தது என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்வது படம். எனினும் படமும் ஒரு சாட்சியே. சாட்சியை நோக்கி, "நீ யார்? எவர் பொருட்டுச் சொல்கின்றாய்? நேரிற் கண்டனையா?" என்று வழக்கறிஞர் கேட்பது போல, படத்தையும் கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேளாது படத்தை நம்பி யாம் அடைந்த வெட்கம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் மிக நேர்மையான சாட்சி ஒருவரை அழைப்போம். பொகீமியா நாட்டுப் பிராகா நகரிலே 1607-இற் பிறந்து, 1677-இல் இலண்டனில் மறைந்த வென்செஸ்லாஸ் ஹாலர் என்பவர், செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, அதனை ஊசியாற் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கச் செய்து அச்சிடும் கலையிற் கைதேர்ந்தவர். 1640-ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில் அவர் 'மஃப்' என்னும் பொருளைத் திரும்பத் திரும்ப எழுதினார். மஃப் என்பது மென்மயிர்த் தோலாற் செய்து, இருபுறமும் திறந்திருக்கும் உருளை; குளிர்காலத்தில் இரு கைகளையும் இருபுறத்தும் நுழைத்துக்கொண்டு நடப்பார்கள். 1647-இல் அவர் எழுதிய படமொன்றில் மனிதர் எவருமில்லை. மேசைமீது மஃபுகளும் வேறு சில உடைத்துணைகளும் கிடக்கின்றன, அவ்வளவே. ஆயினும் மயிர் எத்திசையிற் படிந்துள்ளது, எவ்விடத்தில் விரலாற் கோதப்பட்டதுபோற் கலைந்துள்ளது என்பனவெல்லாம் அதிலே தெரிகின்றன. கறுப்பு மையும் வெள்ளைத் தாளுமே கொண்டு மென்மையை ஒருவர் இவ்வாறு காட்டக்கூடும் என்பதைக் கண்டாலன்றி நம்ப இயலாது.

அவரே எழுதிய பருவகாலப் படங்களுள் கூதிர்ப் பருவத்தைக் குறிப்பதில், கைகளில் மஃபும் தலையில் முக்காடும் முகத்திற் பாதியை மறைக்கும் கரிய முகமூடியும் உடைய பெண்ணொருத்தி நிற்கின்றாள். பின்னணியில் இலண்டன் கார்ன்ஹில் தெரு. முகமூடியைக் கண்ட நம் நண்பர் ஒருவர், "இவள் களவாட வந்தவளோ?" என்றார். அது வாடைக்காற்றினின்று முகத்தின் மேனியைக் காக்க அக்காலத்து மேன்மக்கள் அணிந்தது. இத்துணை நேர்மையான ஹாலரை மட்டும் நம்பினால், மஃப் பெண்டிர்க்கே உரியது என முடிவு கட்டிவிடுவோம். ஆனால் சாமுவேல் பெப்பிஸ் என்னும் இலண்டன் அரசாங்க அலுவலர், 1662 நவம்பர் 30-இல், தாம் முதன்முறையாக மஃப் அணிந்ததாகவும், அது தம் மனைவி முந்தின ஆண்டு வைத்திருந்தது எனவும் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கின்றார். படம் பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத ஒன்றைச் சொல்லாமல் விட்டது.

இனி, மோஸ்தர்ப் படங்களுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸிலும் இலண்டனிலும் தோன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் வெள்ளம்போற் பெருகிய இவை, இன்னது அணிக என்று மகளிர்க்குக் காட்டுவதற்காகப் பத்திரிகைகளோடு சேர்த்து வெளியிட்ட படங்கள். ஜெர்மானியரான ருடால்ப் ஆக்கர்மான் என்பவர் இலண்டனில் 1809 முதல் இருபது ஆண்டளவு நடத்திய 'கலைக் களஞ்சியம்' என்ற மாதப் பத்திரிகை இவற்றுள் தலையாயது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஓர் அரிய வழக்கம் இருந்தது: துணியின் உண்மையான துண்டுகளையே தாளில் ஒட்டி அனுப்பினார்கள். படம் ஒரு பக்கம், அக்காலத் துணி மறுபக்கம்; வழக்கும் சான்றும் ஒரே கட்டில். ஆராய்ச்சியாளர்க்கு இதனினும் பெரிய கொடை வேறில்லை.

ஆனால் மோஸ்தர்ப் படம் என்பது அணிந்ததைக் காட்டுவதன்று. அணிய விரும்பச் செய்வது. கடைக்காரன் கண்ணாடிக்குள் வைத்த பலகாரத்தைக் கொண்டு ஊரார் உணவை அளக்கலாகாது. இதன் உண்மையை யாம் நிறத்தின் வாயிலாகக் கற்றோம். பிலடெல்பியா நகரில் லூயி கோடி என்பவர் 1830-இல் தொடங்கிய மகளிர் பத்திரிகையின் படமொன்றிலே, தொப்பியின் நாடா பச்சை நிறமாயிருக்கக் கண்டு, "அவ்வாண்டின் மோஸ்தர் பச்சை நாடா" என எழுதி ஒரு கூட்டத்திற் படித்தும் விட்டோம். பின்னர் அதே இதழின் வேறொரு பிரதியைக் கண்டபோது, அந்நாடா நீலமாயிருந்தது. ஆராய்ந்ததிற் காரணம் வெளிப்பட்டது. அப்படங்கள் வண்ணத்தில் அச்சிடப்பெறவில்லை; கோடுகளை மட்டும் அச்சிட்டு, நிறத்தைப் பெண்கள் கையால் தீட்டினார்கள். கோடியிடம் ஒருகாலத்து நூற்றைம்பது பெண்கள் இவ்வேலை செய்தனர். கிண்ணத்திலே ஒரு நிறம் தீர்ந்தால் அடுத்த கிண்ணத்தைத் தொடுவார்கள். தன் படமும் தோழியின் படமும் வேறுபடுவதைக் கண்ட அக்காலத்து வாசகிகளே வியந்து எழுதியிருக்கின்றனர்! யாம் மோஸ்தர் என்று கூறியது, ஒரு கூலிப்பெண்ணின் கிண்ணம் வறண்டதன் விளைவு. அது முதல் படத்தின் வடிவை நம்புகின்றோம், நிறத்தை ஐயுறுகின்றோம்.

புகைப்படம் இதனைத் தீர்த்துவிடும் என எண்ணற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய ஈரத்தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. ஆதலின் நீலத் துணி வெளிறியும், மஞ்சளும் சிவப்பும் கறுத்தும் பதிந்தன. துக்க உடை எனத் தோன்றும் எத்தனையோ உடைகள் உண்மையில் திருவிழாச் செந்நிறமாயிருந்திருக்கலாம்.

உடைத்துணைகளுள் எமக்கு மிகவும் உவப்பானது கைப்பையின் வரலாறு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மகளிரின் உடையிலே பை தைக்கப்படவில்லை. சுரைக்குடுக்கை போல மேலே குறுகிக் கீழே அகன்ற துணிப்பை ஒன்றையோ இரண்டையோ நாடாவாற் கோத்து, பாவாடைக்கு உள்ளே இடையிற் கட்டிக்கொள்வர். மேலாடையின் பக்கங்களில் விட்ட பிளவு வழியே கைவிட்டு எடுப்பர். நம் பாட்டிமார் இடையிற் செருகிய சுருக்குப்பைக்கு இது தமக்கை எனலாம். அகன்ற பாவாடையின் கீழ் இரண்டு பையில்லை, இரண்டு தலையணை இருந்தாலும் வெளியிற் புலப்படாது. 1790-ஐ அடுத்து மோஸ்தர் மாறிற்று. இடை மார்பின் கீழ்வரை ஏறியது. வங்காளத்து மஸ்லின் போன்ற மெல்லிய வெண்டுகில், உடலை ஒட்டி நேரே தொங்கலாயிற்று. விகடச் சித்திரக்காரர் இதனை விடுவரோ? ஐசக் குருக்ஷாங்கு 1799-இல், பாரிஸ் மகளிரின் குளிர்கால உடை எனப் பெயரிட்டு, உள்ளதெல்லாம் தெரியுமாறு துணியைக் கண்ணாடியாக்கி வரைந்தார். அத்துகிலின்கீழ்ப் பை கட்டினால் புடைத்துத் தோன்றும். ஆகவே மணிக்கட்டில் தொங்கும் 'ரெடிக்யூல்' என்னும் சிறுபை மோஸ்தர்ப் படங்களில் வரத் தொடங்கிற்று. அப்பெயரைச் சற்றே திரித்தால் ஆங்கிலத்தில் 'நகைப்புக்கிடம்' எனப் பொருள்படும். ஏளனம் செய்வோர்க்கு அதுவே போதுமாயிருந்தது. அணிந்தவர்களோ அதற்கு 'இன்றியமையாதது' என்ற பொருளுடைய பெயரிட்டு விடை கூறினர்.

இதுகாறும் சொன்னது படங்கள் சொல்லும் கதை. பல நூல்களிலும் இக்கதையே உள்ளது. கட்டுப்பை மறைந்தது, கைப்பை பிறந்தது என்று யாமும் வகுப்பறையிற் சொல்லியிருக்கின்றோம். அது பிழை. பார்பரா பர்மன், அரியான் ஃபெனெட்டோ என்னும் இரு ஆராய்ச்சியாளர் 2019-இல் வெளியிட்ட நூலில், எஞ்சியுள்ள பைகளையும் நீதிமன்றப் பதிவுகளையும் ஒருங்கே ஆராய்ந்து, கட்டுப்பை பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுகிலும் வழங்கியதை நிறுவியுள்ளனர். நீதிமன்றம் எங்ஙனம் இதற்குச் சான்றாகும் எனில், களவுபோன பை வழக்குக்கு வந்தது. வழக்கில் அப்பையினுள் இருந்தவை ஒவ்வொன்றாகப் பதியப்பட்டன. இலண்டன் ஓல்டு பெய்லி மன்றத்தின் பழம் பதிவுகளில் நாணயம், சாவி, கத்தரிக்கோல், விரற்கவசம் எனப் பையின் வயிறு முழுவதும் நமக்குத் திறந்து கிடக்கின்றது. மோஸ்தர்ப் படத்தில் ஒரு கட்டுப்பையையும் காணோம். காரணம் அது பாவாடைக்கு உள்ளே இருந்தது என்பது மட்டுமன்று. அதனைக் கட்டியவர்களுட் பெரும்பாலோர் படத்திலேயே இல்லை. பிறர் வீட்டில் ஊழியம் செய்து, பிறர் அறையில் உறங்கி, தனக்கெனப் பூட்டிய பெட்டியும் இல்லாத ஒரு பெண்ணுக்கு, இடையிற் கட்டிய அப்பையே தனக்குரிய ஒரே இடம். அவள் கையிற் பட்டுப்பை தொங்கவில்லை என்பதற்காக அவளிடம் ஒன்றுமே இருந்ததில்லை என நாம் எழுதிவிட்டோம்.

மெல்லிய துகில் கைப்பையைத் தந்ததுபோலவே சால்வையையும் தந்தது. குளிரை வேறு எவ்வாறு தாங்குவது? எகிப்துப் படையெடுப்பிற்குப்பின் காஷ்மீரச் சால்வைகள் பிரான்சிற் பெருவழக்காயின. நெப்போலியன் மனைவி ஜோசபீன் அவற்றைக் குவித்து வைத்திருந்தார். ஆங்கர் என்னும் ஓவியர் 1806-இல் தீட்டிய ரிவியேர் சீமாட்டியின் படத்தில் அச்சால்வை ஆறுபோல் வளைந்து ஓடுவதைப் பாரிஸ் லூவர் காட்சிச்சாலையில் இன்றும் காணலாம். நம் பட்டுப்புடவையில் 'மாங்காய்' என்கிறோமே, அவ்வுருவமே சால்வையின் ஓரத்தில் உள்ளது. படத்தின் காலத்தை அறிய அம்மாங்காயை அளந்தாற் போதும். நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஓரத்தில் மட்டும் தனித்தனியாக நிற்கும் சிறு பூஞ்செடி. நடுப்பகுதியில் நீண்டு வளைந்து, பின்னிப் பிணைந்து, சால்வை முழுவதையும் விழுங்கிவிடுகின்றது. ஸ்காட்லாந்தில் பேஸ்லி என்னும் ஊரார் இதனைத் தறியிற் போலியாக நெய்து மலிவாக விற்றதால், காஷ்மீரத்தில் பிறந்த உருவத்துக்கு அவ்வூர்ப் பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. 1870-ஐ அடுத்துப் பாவாடையின் பருமை பின்புறம் ஒதுங்கியது. அதனைச் சால்வையால் மூட எவருக்கும் மனமில்லை. சால்வைகளை வெட்டி மேற்சட்டை தைத்தனர். 1870-71-இல் நடந்த பிரஷ்யப் போர் பிரெஞ்சுச் சந்தையை மூடிற்று. 1877 முதல் 1879 வரை காஷ்மீரத்தைப் பஞ்சம் வாட்டி, நெசவாளர் பலரை மாய்த்தது. இவ்வளவும் மோஸ்தர்ப் படத்தில் எவ்வாறு தோன்றுகின்றது எனில், ஒரு மாதம் சால்வை இருக்கின்றது, பிறிதொரு மாதம் இல்லை.

விசிறியைப்பற்றி ஒரு சொல். விசிறியைக் கன்னத்திற் சேர்த்தால் இன்ன பொருள், மடித்தால் இன்ன பொருள் என ஒரு மறைமொழி பழங்காலந்தொட்டு இருந்ததாகக் கூறிப் படங்களுக்கு உரை வகுப்போர் உளர். பாரிஸில் 1827-இல் தொடங்கிய துவெல்ரோய் என்னும் விசிறிக் கடையார் விளம்பரமாக அச்சிட்டுக் கொடுத்த துண்டுத்தாளே இம்மொழி பரவக் காரணம். விசிறி பிடித்த பெண்ணெல்லாம் காதல் பேசுகின்றாள் எனக் கொள்ளற்க, புழுக்கமாயிருந்திருக்கலாம்.

இனிக் கூந்தலிற் சூடும் செயற்கைப் பூமாலையைப் பாருங்கள். 1850-க்குப் பின்வந்த படங்களில் மிகவும் ஒளிரும் ஒரு பச்சையில் அதன் இலைகள் தீட்டப்பட்டிருக்கும். மெய்யான மாலைகளில் அந்நிறம் செம்பும் பாஷாணமும் சேர்ந்த சாயத்தால் வந்தது. இலண்டனில் அவ்விலைகளின்மேற் பச்சைப்பொடி தூவும் வேலை செய்த மெட்டில்டா ஷூரர் என்னும் பத்தொன்பது வயதுப் பெண், 1861 நவம்பர் 20-இல் அந்நஞ்சினால் இறந்தாள். வேதிநூற் பேராசிரியர் ஹோப்மான், ஒரு தலைமாலையிலுள்ள பாஷாணம் இருபது பேரைக் கொல்லப் போதும் என 1862-இல் 'டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். அவ்வாண்டே 'பஞ்ச்' விகடப் பத்திரிகை, எலும்புக்கூட்டு ஆடவன் எலும்புக்கூட்டுப் பெண்ணை நடனத்திற்கு அழைப்பதாகப் படம் வரைந்தது. மோஸ்தர்ப் படத்தில் மாலை இருக்கின்றது. தூவிய கை இல்லை. நம் மாணவர்க்கு இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கையும் உண்டு. அதே பச்சையை அக்காலத்தார் புத்தக அட்டைத் துணிக்கும் பூசினர்; அமெரிக்காவில் வின்டர்தூர் காட்சிச்சாலையார் 2019 முதல் அத்தகைய நூல்களைச் சோதித்துப் பட்டியலிட்டு வருகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சை அட்டை நூலைக் கண்டால், விரலை நாவில் தொட்டுத் தாள் புரட்டும் நம் ஊர்ப் பழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விடுக, கையுறை அணிக.

இறுதியாகத் தொப்பியின் இறகு. படத்தில் அகன்று, நுனி கவிந்து தொங்கும் இறகு தீக்கோழியினுடையது. பறவையைக் கொல்லாமல் எடுக்கலாம். நீரூற்றுப்போல மெல்லிய இழைகளாக நிமிர்ந்து நிற்பது வெண்கொக்கின் இறகு. நம் வயல்களில் நிற்கும் அதே இனத்தது. அவ்விழைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் மட்டுமே கொக்கின் முதுகில் வளர்வன. ஆதலின் கூட்டருகே தாய்ப்பறவையைச் சுட்டனர், குஞ்சுகள் பசியால் மாண்டன. வணிகர் இதனை 'ஆஸ்பிரே' என மீன்பிடிப் பருந்தின் பெயரால் விற்றனர். கேட்டால், செயற்கை என்றும் சாதித்தனர். மஃபுக்கும் பறவை தப்பவில்லை: கொண்டை முக்குளிப்பானின் மார்புத்தோலை மென்மயிர்க்கு மாற்றாகக் கொண்டதால், 1860-ஐ அடுத்து பிரிட்டனில் அப்பறவை சில பத்து இணைகளாகக் குறைந்தது.

1886-இல் பிராங்கு சாப்மன் என்ற பறவைநூலறிஞர் நியூயார்க்குக் கடைத்தெருவில் இரு மாலைகள் நடந்து எழுநூறு தொப்பிகளை எண்ணினார். 542-இல் இறகு இருந்தது. நாற்பது வகைப் பறவைகளை அவற்றிலே இனங்கண்டார். எமக்குத் தெரிந்தவரை, மோஸ்தர்ப் படம் சொல்வதைத் தெருவிலே நின்று சரிபார்த்த ஆராய்ச்சி இதுபோல் வேறில்லை. 1889-இல் மான்செஸ்டர் நகரையடுத்து எமிலி வில்லியம்சன் என்னும் அம்மையார், தீக்கோழி தவிர உணவுக்கெனக் கொல்லாத எப்பறவையின் இறகையும் அணிவதில்லை என மகளிர் உறுதி கூறும் சங்கத்தை நிறுவினார். அதுவே பின்னர் 1904-இல் அரச சாசனம் பெற்ற பறவைக் காப்புச் சங்கம். 1899-இல் 'பஞ்ச்' பத்திரிகையில் லின்லி சாம்பூர்ன் வரைந்த படம், மோஸ்தர்ப் படத்துச் சீமாட்டியையே இரக்கமற்றவள் எனப் பெயர் சுட்டிக் கொக்குகளின் நடுவே நிறுத்தியது. ஒருவகைப் படம் மற்றொரு வகைப் படத்தின்மேல் தொடுத்த வழக்கு அது. இந்திய அரசாங்கம் 1902-இற் பறவை இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. பிரிட்டனில் இறக்குமதித் தடைச் சட்டம் 1921-இல் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுகளின் மோஸ்தர்ப் படங்களைப் புரட்டினால், கத்தரித்த கூந்தலின்மேல் மணிபோற் கவிந்த சிறு தொப்பிகளே காணப்படுகின்றன. கொக்கிறகு நிற்க அவற்றில் இடமே இல்லை. இறகை நீக்கியது சட்டமா, கத்தரிக்கோலா என்று அப்படங்களைக் கேட்டால், அவை தொப்பியின் விலையை மட்டும் கூறி நிற்கின்றன.